ஜன்னல் சீட்டும் மாதிரி பதினேழும்

உங்க துண்டா அக்கா இது? ஐயோ, யாரோ மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது, கான்வென்ட்டில் படிச்சவ நான். துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்காங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் உட்கார்ந்தேன். ஆனா சண்டைக்கு உட்காரலை. நான் யாரோடும் சண்டை போடுகிற ஆளே இல்லை. சண்டையைத் தீர்த்து வைக்கிற பயிற்சி முடிச்சிட்டு, இதோ, நேரா அங்கேயிருந்துதான் வர்றேன். சான்றிதழ்கூட பையில் இருக்கு.

நின்னுக்கிட்டே முறைக்காதீங்க அக்கா. பாருங்க, "ஏன் முறைக்கிறீங்க"ன்னு நான் கேக்கக் கூடாது. அது குற்றம் சாட்டுறது. "நீங்க முறைக்கும்போது எனக்கு வருத்தமா இருக்கு"ன்னுதான் சொல்லணும். சொல்லிட்டேன். இப்ப அடுத்த படி. உங்களுக்கு வேண்டியது ஜன்னல் சீட்டா, காத்தா? காத்துதானே? கண்ணாடியை முழுசாத் தள்ளி விட்டுடறேன், உங்களுக்கும் வரும். எனக்கு வேண்டியது காத்து இல்லை, ஜன்னல். சங்கரன்கோவில் ஸ்டாண்டில் என் பிள்ளை நிப்பான். நிக்கமாட்டான், பத்து மாசம்தான் ஆகுது, என் மாமியார் இடுப்பில் இருப்பான். அவன் என்னைப் பாக்குறதுக்கு முன்னாடி நான் அவனைப் பார்த்துடணும்.

உட்கார்ந்துட்டீங்களா? ரெண்டு பேருக்கும் வெற்றி. இதைத்தான் அந்த அம்மா சொல்லிச் சொல்லிக் கொடுத்தாங்க.

கடலையா? வேண்டாம் அக்கா. மனசெல்லாம் பயம். சாயந்தரம் என் மாமியார்கிட்ட போய், என் பிள்ளையை நான் வாங்கிக்கிட்டு வரணும். கொடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியலை. பயிற்சிக்குத் தங்கிப் படிக்கணும்னு சொன்னதால அவங்ககிட்ட விட்டேன். வீட்டுக்காரர் தூத்துக்குடியில் அனல் மின் நிலையத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். நேத்து அத்தை போனில் சொல்லிட்டாங்க: "தம்பி இங்கயே கெடக்கட்டும். நீ படிப்ப முடி." படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும் அக்கா. அதுக்குள்ள அவன் பள்ளிக்கூடத்துக்கே போயிடுவான். என்னைப் பார்த்து "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லுவான்.

காதா? ஆமா, கம்மல் போடலை. தொலைக்கலை, அடகும் வைக்கலை. பால் குடிக்கும்போது அவன் என் காதைப் பிடிச்சுக்குவான். அப்படியொரு பிடி. அவன் பிறந்ததிலிருந்தே நான் கம்மல் போடுறதில்லை. பயிற்சிக்குத்தான் மறுபடி போட்டுக்கிட்டுப் போனேன், மரியாதையா இருக்கட்டும்னு. இன்னைக்குப் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கழட்டிட்டேன். தயாரா இருக்கேன்.

எதுக்குப் பயிற்சின்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சொல்றேன். மானூர் வர்றதுக்குள்ள சொல்லிடுவேன்.

நான் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி பண்றேன், வீடும் அங்கேதான். கிருமி. என் துறையிலேயே பேச்சிமுத்துன்னு ஒரு அண்ணன். அவர் ஆட்டுப்பால். எந்த ஊர் ஆட்டுப்பாலில் கிருமி குறைச்சல், சத்து ஜாஸ்தின்னு ஊர் ஊராப் போய்ப் பால் வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜில் வைப்பார். நானும் அதே ஃபிரிட்ஜில் பால் வைப்பேன். என் பால். பிள்ளைக்கு. பகலில் எடுத்து வச்சு, சாயந்தரம் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் அவனைப் பார்த்துக்கிற காப்பகத்தில் கொடுத்துடுவேன். இதுல என்ன தப்பு?

தப்பு பாட்டிலில்தான் அக்கா. கடையில் விக்கிற பால் பாட்டிலை எந்தக் கிருமிக்காரி நம்புவா? வெந்நீரில் கொதிக்க வச்சா போதும்னு ஊரெல்லாம் சொல்லும். எனக்கல்லவா தெரியும் கொதிச்சாலும் சாகாதது எதெதுன்னு! அதனால நான் லேபில் பிரஷர் வச்சுச் சுத்தம் பண்ணின, ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்கிற பாட்டிலில்தான் பால் எடுத்து வைப்பேன். அதே கண்ணாடி. அதே நீல மூடி. பேச்சிமுத்து அண்ணன் ஆட்டுப்பால் வைக்கிற அதே பாட்டில்.

சிரிக்காதீங்க. இன்னும் வரலை.

துறைக் கருத்தரங்கு. தலைவர் முன்வரிசையில். பேச்சிமுத்து அண்ணன் திரையில் ஒரு படம் போட்டார். கோடுகோடா நிக்குது. எல்லாக் கோடும் குட்டை, ஒண்ணு மட்டும் தென்னைமரம். "சார், இதுதான் மாதிரி எண் பதினேழு. இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு பால் நான் பார்த்ததில்ல. கிருமியே இல்ல. இனிப்பு ஜாஸ்தி. இது சாதாரண ஆடு இல்ல சார், கன்னி இன ஆட்டுல ஏதோ ஒரு தனி வகை"ன்னார். தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு, "தீனி என்ன போடுறாங்க?"ன்னு கேட்டார்.

எனக்குச் சட்டுன்னு முந்தின வாரம் முழுக்க நான் தின்ன முருங்கைக்கீரை ஞாபகம் வந்துது.

"அந்த ஆட்டைக் கண்டுபிடிச்சு வாங்கிடணும் சார், இனவிருத்திக்கு"ன்னார் அண்ணன். நான் எழுந்திருச்சிட்டேன். எழுந்திருக்காம என்ன செய்ய? "சார், அது ஆடு இல்ல"ன்னேன்.

"பின்ன? மாடா?"ன்னார் தலைவர்.

"என் பிள்ளைக்கு நான் எடுத்து வச்ச பால் சார்"னேன்.

நான் சண்டை போடலை அக்கா. சத்தியமா. அந்தக் கோட்டை அழிக்கணும்னு சொன்னேன், அவ்வளவுதான். அவர் அழிக்க மாட்டேன்னார், ஆறு மாச உழைப்பாம். சரின்னு நான் போய் ஃபிரிட்ஜுக்கு என் ஸ்கூட்டர் ஹெல்மெட் பூட்டைப் போட்டுப் பூட்டிட்டுச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கிட்டேன். அது சண்டையா? பாதுகாப்பு. உள்ளே இருந்த அவருடைய பதினோரு பாட்டிலும் நாறிப் போச்சுன்னா அது கரண்டு போனதால. நான் காரணமில்லை. கரண்டு போனப்ப நான் வீட்டில் இருந்தேன், சாவியும் வீட்டில் இருந்தது.

தலைவர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு முரண்பாடு தீர்க்கிற பயிற்சி நடக்குது. ரெண்டு பேரும் போங்க. சமாதானமா வந்தா ஃபிரிட்ஜ். இல்லேன்னா அதைத் தூக்கி வேதியியலுக்குக் கொடுத்துடுவேன்"னார். வேதியியல்காரங்க அதில் என்ன வைப்பாங்கன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். போனோம்.

மானூரா இது? வந்துருச்சா? சரி, தேவர்குளத்துக்குள்ள முடிச்சுடறேன்.

பயிற்சி கொடுத்தவங்க பேரு டாக்டர் சௌதாமினி. சென்னை. அவ்வளவு மெதுவாப் பேசுறாங்க அக்கா, முன்வரிசைக்காக ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க. கையில் ஒரு சின்ன மணி. யாராவது குரலை உயர்த்தினா 'கிணிங்'. எனக்குத்தான் ரொம்ப அடிச்சாங்க. என் குரல் இயல்பாவே கணீர்னு இருக்கும், கான்வென்ட்டில் பிரேயர் சொன்ன குரல்.

முதல் பாடம், கேக்கிறது வேற, வேண்டியது வேற. "ஒரு வாழைமரம். ரெண்டு பேர் அது எனக்குத்தான்னு சண்டை. விசாரிச்சுப் பார்த்தா, ஒருத்தருக்கு வேண்டியது இலை, இன்னொருத்தருக்கு வேண்டியது தார். ரெண்டு பேரும் கேட்டது மரம். இதிலிருந்து என்ன தெரியுது?"ன்னு கேட்டாங்க. தாவரவியல் பையன் ஒருத்தன் கையைத் தூக்கி, "இலைக்கு வெட்டுற வாழையில தார் சரியா வராது மேடம். அது என்ன வாழை?"ன்னான். பின்னாடியிருந்து ஒருத்தன், "நாட்டு வாழை"ங்கிறான். "பூவன்"ங்கிறான் இன்னொருத்தன். வாழைக்காகச் சண்டை வந்து, மணி அடிச்சு அடிச்சு, மணியோட நாக்கு கழண்டு போச்சு. அப்புறம் அந்த அம்மா டம்ளரில் ஸ்பூனால் தட்டினாங்க.

எனக்கு அந்தப் பாடம் அப்படியே பதிஞ்சிருச்சு. ஒருத்தர் ஒண்ணு கேட்டா, அடியில் வேற ஒண்ணு வேண்டியிருக்கும். காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டா அது பிடிபட்டுடும். எனக்கு இப்ப யார் பேசினாலும் பிடிபடுது.

மாமியார் விஷயமா? ஆமா, அதுலயும் முயற்சி பண்ணினேனே. தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி போன் பண்ணுவேன். முதல் நாள், "அத்தை, தம்பி எப்படி இருக்கான்?"ன்னேன். "அவன் நல்லாருக்கான். இவன் வந்தபெறவுதான் இந்த வீட்ல ஒரு சத்தமே கேக்கு. ஒங்க மாமா போனதுல இருந்து டிவிகூடத்தான் பேசிட்டுக் கெடந்தேன், அந்த டிவியும் ரிப்பேரு"ன்னாங்க. பாருங்க, டிவி வாங்கித் தரலையேன்னு குத்திக் காட்டுறாங்க.

மறுநாள், "ஒங்க வீட்டுப் பின் ரூம்புல இன்னும் அந்தப் பழைய பேப்பர்க்கட்டுதான் அடைஞ்சு கெடக்கா?"ன்னாங்க. நான் வீட்டை ஒழுங்கா வைக்கிறதில்லையாம். சரி, பொறுத்துக்கிட்டேன். நேத்து என்னடான்னா, "சங்கரன்கோவில் பஸ்ஸு ஒங்க வீட்டு முக்குல நிக்குமா, இல்ல ஸ்டாண்டுவரைக்கும் போயித் திரும்பணுமா? முட்டுவலிக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியுமா?"ன்னு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளையைக் கேட்டா பஸ்ஸு நிக்கிற இடத்தைக் கேக்குறாங்க. அதுக்கப்புறம்தான் அந்த இடி: "தம்பி இங்கயே கெடக்கட்டும். காப்பகத்துல போட்டு வளக்கதுக்கு இங்க நான் என்ன செத்தா போயிட்டேன்?"

என்ன அக்கா? ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, இருங்க, இதை முடிச்சுடறேன். நான் 'உன்னிப்பாகக் கேட்டல்'னு ஒண்ணு படிச்சிருக்கேன், அதுக்கு அப்புறம் வருவோம்.

அடுத்து நாற்காலி மாத்துறது. அவர் நானாகணும், நான் அவராகணும். எதிரெதிர் நாற்காலி. "மூன்றாம் தரப்பு யார்?"ன்னாங்க அந்த அம்மா. ஃபிரிட்ஜ்தான். யாராவது ஃபிரிட்ஜா நடிக்கணும்னதும் வரலாற்றுத் துறை இருதயராஜ் எழுந்து வந்தான். நல்ல உயரம். ரெண்டு கையையும் கதவு மாதிரி வச்சுக்கிட்டு நடுவில் நின்னான்.

நான் பேச்சிமுத்து அண்ணனா உட்கார்ந்தேன். அவரை மாதிரியே வேட்டியை மடிச்சுக் கட்டுறாப்போல கையால பண்ணி, "ஏ தங்கச்சி, என் ஆடு, என் கோடு, என் ஆறு மாசம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் நல்லா நடிப்பேன், கான்வென்ட்டில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒட்டகமா நடிச்சிருக்கேன்.

அப்புறம் அவர் நானா உட்கார்ந்தார். துப்பட்டா வேணும்னார். யாரோ கொடுத்தாங்க. போட்டுக்கிட்டு, முனையை இழுத்து விட்டுக்கிட்டார். பிறகு சொல்றார்: "எனக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். பூட்டும் வேண்டாம். நான் இங்க கிருமி எண்ணிக்கிட்டு இருக்கும்போது எங்கேயோ என் பிள்ளை அழுவான். எனக்குக் கேக்காது. அந்தப் பாட்டில் ஒண்ணுதான் அவனுக்கும் எனக்கும் நடுவுல போயிட்டு வருது. அதையும் ஒருத்தர் எடுத்து ஆடுன்னுட்டார்."

ரொம்ப ஓவரா நடிச்சார் அக்கா. எனக்குப் பிடிக்கலை. எனக்குக் கண்ணில் தண்ணி வந்தது அறையில் ஏசி ஜாஸ்தி வச்சிருந்ததால.

அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் பேச ஆரம்பிச்சுடுச்சு. "என்னைப் பத்தி யாராவது நினைச்சீங்களா? திறக்கிறீங்க, எடுக்கிறீங்க, போறீங்க. ஒழுங்கா ஒருத்தராவது மூடினீங்களா?"ன்னு இருதயராஜ் ஒரே அழுகை. அவனுக்கு வேற ஏதோ விஷயம் போல. போன மாசம்தான் நிச்சயம் நின்னு போச்சாம். டாக்டர் சௌதாமினி எங்களை விட்டுட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துட்டாங்க. மத்தியானம் வரைக்கும் ஃபிரிட்ஜோட பிரச்சினையைத்தான் தீர்த்தோம்.

நாங்க ரெண்டு பேரும் வெளியே வராந்தாவில் நின்னோம். அண்ணன் துப்பட்டாவைக்கூடக் கழட்டலை. "தங்கச்சி, எங்க மூத்தவ பொறந்தப்ப என் வீட்டுக்காரியும் டீச்சர் டிரெயினிங் போனா. பால் கசிஞ்சு சேலையெல்லாம் நனைஞ்சு போய் வருவா. அதான் சொன்னேன்"னார். "நீ எவர்சில்வர் தூக்குல வையேன். உலகத்துல எந்த ஆராய்ச்சிக்காரனும் தூக்குல மாதிரி வைக்கமாட்டான். நானும் தொடமாட்டேன்."

தூக்குவாளி! எங்க அறிவுக்கு எட்டலை பாருங்க. பிரஷரில் வச்சா அதுவும் சுத்தமாகும். பூட்டைக் கழட்டிக் கொடுத்துட்டேன். அவர் அதை வாங்கிக்கிட்டு, "அந்தப் பதினேழை மட்டும் ஒப்பீட்டுக்கு வச்சுக்கலாமா? இவ்வளவு நல்ல முடிவு எனக்கு இனிமே வராது"ன்னார். ஆடுன்னு எழுதக் கூடாதுன்னு ஒரே நிபந்தனை. பேரும் போடக் கூடாது. மனசுக்குள்ள எனக்குக் கொஞ்சம் பெருமைதான், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. மாவட்டத்திலேயே முதலிடம்.

பனவடலிசத்திரம் தாண்டிட்டோமா? ஐயோ அக்கா. நெருங்கிருச்சு. அத்தைகிட்ட பேச ஒரு வாக்கியம் தயார் பண்ணியிருக்கேன். கேட்டுட்டுச் சொல்லுங்க: "அத்தை, தம்பியை நீங்க வச்சுக்கிறதாச் சொன்னபோது நான் பயத்தை உணர்ந்தேன். எனக்கு வேண்டியது அவனுக்குப் பக்கத்தில் இருப்பது. உங்களுக்கு வேண்டியது என்னன்னு நான் புரிஞ்சுக்க விரும்புறேன்."

நல்லா இல்லையா? ஏன் தலையில் கை வைக்கிறீங்க? டிவியா? பின் ரூமா? அதெல்லாம் குத்தல் அக்கா, நான்தான் சொன்னேனே. அவங்க கேக்கிறதுக்கு அடியில் என்ன இருக்குன்னுதான் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. பேச்சிமுத்து அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தா துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு அத்தையா நடிச்சுக் காட்டியிருப்பார்.

கான்வென்ட்டில் இந்தத் தொந்தரவே இல்லை. ரெண்டு பேர் சண்டை போட்டா, சிஸ்டர் பெர்பெத்துவா ரெண்டு பேர் ஜடை ரிப்பனையும் சேர்த்து முடிச்சுப் போட்டுடுவாங்க. சமாதானம் ஆகுறவரைக்கும் ஒண்ணாத்தான் நடக்கணும், ஒண்ணாத்தான் தண்ணி குடிக்கணும். பேச்சே கிடையாது. அத்தைக்கு ஜடை இல்லை, கொண்டை. இல்லேன்னா...

அக்கா, ஸ்டாண்டு! இதோ! எங்கே? கூட்டமா இருக்கே. அந்தப் பச்சைச் சேலை? அவங்க இல்லை. அக்கா, அவங்க இல்லை, வரலை, பிள்ளையைக் கொண்டு வரவே இல்லை. சொன்னேன்ல. சொன்னேன்ல நான்.

இருங்க. அந்தப் பெட்டிக்கடை ஓரம். ஊதா ரவிக்கை. அத்தை! ஏன் ஓடி வர்றாங்க? முட்டுவலின்னாங்க! தம்பியை இடுக்கிக்கிட்டு, தோளில் கட்டைப்பை, இன்னொரு கையில் தலையணையா அது? பஸ் நிக்கவே இல்லை, கூடவே ஓடி வர்றாங்க. அத்தை, மெதுவா! அத்தை, தம்பியை நீங்க வச்சுக்கிறதாச் சொன்னபோது நான் பயத்தை—

"ஏ இந்து! எறங்காத! எறங்காதட்டி! இதே பஸ்ஸுதான் திருநவேலி திரும்புது. இந்தா பிடி. பிள்ளையப் பிடி! இடத்த விட்ராத!"

—உணர்ந்தேன், எனக்கு வேண்டியது—

"என்னத்த ஒணந்த? ஜன்னல் கம்பி இடிச்சிராம தலையப் பிடிட்டி! பக்கத்துலயும் ஒரு எடம் போடு, எனக்கு. பின் ரூம்பு பேப்பர்க்கட்ட நானே வந்து ஒதுக்கிக்கிடுதேன். எத்தன நாளா சாடை சாடையாச் சொல்லுதேன், ஒனக்குப் படிப்பு இருக்கு, காது இல்ல!"

அக்கா, பிடிங்க அக்கா, காலைப் பிடிங்க. வந்துட்டான். உள்ளே வந்துட்டான்.

அத்தையைக் காணோம், கூட்டத்தில் படி பக்கம் போயிட்டாங்க. அங்கேயிருந்து அவங்க குரல் மட்டும் கேக்குது, யாரையோ "தள்ளுல"ங்கிறாங்க. நீங்க இறங்கலையா? உங்க ஊர் இதானே? ஏறுற ஆளெல்லாம் உங்களை முறைக்கிறாங்க. ஓ. அத்தை வர்ற வரைக்கும் இந்த இடத்தைப் பிடிச்சு வைக்கிறீங்களா... உங்க ஜன்னலையே பிடுங்கினவ நான். எனக்குப் போய்.

பாருங்க அக்கா, பயிற்சி எப்படி வேலை செய்யுது! அந்த வாக்கியத்தைப் பாதிதான் சொன்னேன்.

ஆனா இவன் ஏன் இப்படிப் பாக்குறான்? கிழிஞ்ச நோட்டைப் பாக்குற கண்டக்டர் மாதிரி. தம்பி, அம்மாடா. அம்மா. அழுவானா? தெரியலையோ என்னை? என்னமோ யோசிக்கிறான். பேசாதீங்க. நானும் பேசலை. ஒரு வாக்கியமும் ஞாபகம் வரலை அக்கா எனக்கு.

கையைத் தூக்குறான்.

ஸ்ஸ்... ஆ. காது வலிக்குதுடா. விடாதே. இழு. நல்லா இழு.